லண்டன் வளவு: எந்த ஸ்ட்ரோபெரி?

அம்மா ஸ்ட்ரோபெரியை அரிசி வாளிக்குள் வைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நாலு வருடத்துக்கு முந்தைய ஓர் ஏப்ரல் மாதம். மலிவாகப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பெட்டி ஸ்ட்ரோபெரி வாங்கி வந்தேன். நுனி நல்ல சிவப்பு, காம்புப் பக்கம் வெள்ளை. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உது இன்னும் செங்காய், பிள்ளை. ரெண்டு நாள் பழுக்க வைப்பம்" என்றா. நீர்வேலியில் மாங்காய்க்குச் செய்ததுபோல ஒரு பெட்டியை அப்படியே அரிசிக்குள் புதைத்து மூடியும் விட்டா. எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோறு காய்ச்ச அரிசி எடுக்கப் போனால், பழமெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அரிசியிலும் பாதி குப்பைக்குப் போனது.

பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அம்மா சொன்னதில் பாதி முற்றிலும் சரி. அது செங்காய்தான். பிழைத்தது மற்றப் பாதி. மாம்பழம், வாழைப்பழம், அவகாடோ எல்லாம் மரத்தை விட்டு வந்த பிறகும் பழுக்கும். ஸ்ட்ரோபெரி பழுக்காது. செடியிலிருந்து பிரிந்த நேரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிவப்பு கொஞ்சம் கூடும், சதை மென்மையாகும். இனிப்பு கூடாது. அரிசி வாளியில் வைத்தாலும் சரி, யன்னலோரம் வைத்தாலும் சரி, செங்காய் செங்காயாகவே அழுகும்.

அன்றைக்கு மிச்சப் பெட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே அம்மா கேட்ட கேள்விதான் இந்த மாதக் கட்டுரை. "இது எந்த ஸ்ட்ரோபெரி?"

"எந்தவென்றால்? ஸ்ட்ரோபெரிதான் அம்மா."

"மாம்பழம் எண்டால் நீ சும்மா மாம்பழம் எண்டா சொல்லுவாய்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மைதானே. நாங்கள் இங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும் கறுத்தக் கொழும்பான் வேறு, அம்பலவி வேறு, விலாட் வேறு என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். வாழைப்பழத்திலும் கதலி, இதரை, கப்பல் என்று பெயர் சொல்லித்தான் கேட்போம். ஸ்ட்ரோபெரிக்கும் நூற்றுக்கணக்கில் இனங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று சுவையில் கறுத்தக் கொழும்பானுக்கும் விலாட்டுக்கும் உள்ள அளவு வித்தியாசமும் உண்டு. ஆனால் நாற்பது வருடமாக இந்த ஊரில் அதைச் சாப்பிட்டும், ஒரு நாளும் நாங்கள் பெயர் கேட்டதில்லை.

முதல் வருடம் நான் விட்ட பிழை

"வீட்டிலேயே வைப்பம்" என்று அந்தக் கோடையில் முடிவெடுத்தோம். ஒரு தோட்டக்கடைக்குப் போய், லேபிளில் ஆகப் பெரிய பழம் போட்டிருந்த செடிகளில் பத்து வாங்கி வந்தேன். பெயர் கூடப் பார்க்கவில்லை. அப்போது மகளுக்கு ஏழு வயது. செப்டெம்பரில் நட்டதிலிருந்து அவள்தான் அதற்குப் பொறுப்பு. பனிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஜக்கெட் கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பாள். மே மாதம் பூ வந்தது. ஜூனில் முதல் பழம், கோழிமுட்டை அளவு. நாலு பேரும் சுற்றி நின்றோம். அவள் கடித்து, மென்று, எங்களைப் பார்த்து, "இட்ஸ் நைஸ், அம்மா" என்றாள்.

பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். வேறு வீட்டில் விருந்துக்குப் போனால் பேசும் குரல். ஒன்பது மாதம் காத்திருந்த பிள்ளை, எனக்கு மனம் நோகக்கூடாது என்று சொன்ன பொய் அது. நானும் ஒன்று சாப்பிட்டேன். வெறும் தண்ணீர்.

மண்ணையும் வெயிலையும் குறை சொல்லிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது, கடைக்காகப் பிறந்த பழத்தை வீட்டில் வளர்த்தால் கடைப்பழம்தான் வரும். ஸ்ட்ரோபெரி வளர்ப்பது கஷ்டம் இல்லை. எதை வளர்க்கிறது என்று தெரிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் கடைப்பழம் அப்படி இருக்கிறது?

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பண்ணையிலிருந்து எங்கள் கூடைக்கு வர அந்தப் பழம் லொறியிலும் குளிரறையிலும் நாட்களைக் கழிக்க வேண்டும். நசுங்கக்கூடாது, நிறம் மங்கக்கூடாது, எல்லாம் ஒரே அளவில் இருக்கவேண்டும், ஒரு செடியில் நிறையக் காய்க்கவேண்டும். இனம் உருவாக்குபவர்கள் பல காலம் இவற்றைத்தான் முதலில் பார்த்தார்கள். நெதர்லாந்தில் உருவாகி 1981இல் வெளிவந்த எல்சான்டா பல வருடங்கள் பிரிட்டிஷ் கடைகளை ஆண்டது இதனால்தான். எல்சான்டாவும் மோசமான பழம் இல்லை; செடியிலேயே நன்றாகக் கனிய விட்டுப் பிடுங்கினால் இனிக்கும். தூரம் போகவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே பிடுங்குவதில்தான் அதன் பெயர் கெட்டது.

வாசமும் மென்மையும் கூடிய இனங்கள் பல, பிடுங்கிய அடுத்த நாளே சோர்ந்துவிடும். அவற்றால் சுப்பர்மார்க்கெட்டுக்கு வர முடியாது. ஆனால் உங்கள் வளவிலிருந்து குசினிக்கு எத்தனை அடி? ஆகப் பத்து அடி. கடைக்காரரால் விற்கமுடியாத இனத்தை நாங்கள் வைக்கலாம். வீட்டுத் தோட்டத்தின் ஒரே பெரிய வசதி இதுதான். அதை விட்டுவிட்டுப் பெரிய பழம் தேடுவது, வாசலில் கறுத்தக் கொழும்பான் வைக்க இடம் இருந்தும் புளிமா வைப்பது மாதிரி.

இது எனக்கு உறைத்தது பாரிஸில். லா ஷப்பலில் இருக்கிற என் மச்சாளோடு சந்தைக்குப் போனேன். அங்கே ஸ்ட்ரோபெரி மூன்று குவியல், மூன்றுக்கும் வேறு வேறு பெயர்ப் பலகை, வேறு வேறு விலை. மச்சாள் தயங்காமல் "கரிகெட் எடுப்பம், மாரா தே புவா இன்னும் சரியா வரேல்லை" என்றா. யாழ்ப்பாணத்தில் மாம்பழக்காரரோடு அம்மா பேரம் பேசும் அதே தொனி!

ஒரு காலத்தில் லண்டனும் பெயர் கேட்டது

இப்போது நாங்கள் சாப்பிடும் ஸ்ட்ரோபெரி ஒரு கலப்பினம். 1714இல் பிரேசியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் கப்பலில் கொண்டு வந்தார். வழியில் ஐந்துதான் தப்பின. அவை எல்லாம் பெண் செடிகள் என்பதால் தனியே காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்கச் சிறுபழ ஸ்ட்ரோபெரியை நட்டபோது மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. இரண்டும் கலந்து வந்ததுதான் இன்றைய தோட்ட ஸ்ட்ரோபெரி என்று 1766இல் டுஷேன் என்ற இளம் தாவரவியலாளர் விளக்கினார். அதன் தாவரவியல் பெயரில் 'அனனாசா' என்ற சொல் இருக்கிறது. அன்னாசிபோல என்று பொருள். அன்றைக்கு அதை முகர்ந்தவர்களுக்கு அன்னாசி வாசம் வந்திருக்கிறது. கடைப்பெட்டியை மூக்கில் வைத்துப் பாருங்கள், அன்னாசி வருகிறதா என்று.

அடுத்த கட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. ஹவுன்ஸ்லோ பக்கம் இருப்பவர்களுக்கு ஐசல்வேர்த் தெரியும். இருநூறு வருடத்துக்கு முன் அது லண்டனுக்குப் பழமும் மரக்கறியும் கொடுத்த தோட்டப் பகுதி. மைக்கேல் கீன்ஸ் என்ற தோட்டக்காரர் 1821இல் அங்கே உருவாக்கிக் காட்டிய 'கீன்ஸ் சீட்லிங்' என்ற இனத்துக்குத் தோட்டக்கலைச் சங்கம் வெள்ளிக் கோப்பை கொடுத்தது. இன்றைய பல இனங்களுக்கு அது மூதாதை. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, குதிரை வண்டியில் ஏற்றினால் குலுக்கத்தில் பழம் நசுங்கிவிடும் என்று, பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து கொவென்ட் கார்டன் சந்தைக்கு நடந்தே போவார்கள். ஏறக்குறைய 10 மைல். தலையில் சுமக்கும் அளவுக்கு மென்மையான பழம்! வண்டிக்கு ஏற்றபடி பழத்தை மாற்றுவது அதற்குப் பிறகு வந்த யோசனை.

எந்த இடத்துக்கு எந்த இனம்

சுவை என்றால் இனிப்பு மட்டும் இல்லை. இனிப்பு, புளிப்பு, வாசம் மூன்றும் சேர்ந்தது. புளிப்பே இல்லாத ஸ்ட்ரோபெரி சப்பென்று இருக்கும். வாசம் இல்லாதது சீனித் தண்ணீர். லேபிளில் "பெரிய பழம்", "அதிக விளைச்சல்" என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ரோயல் ஹோர்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் கோப்பைச் சின்னம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது செடியின் மொத்தக் குணத்துக்கும் கொடுக்கிற சான்று, நாக்குக்கு மட்டும் கொடுக்கிறதல்ல.

இனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கோடையில் இரண்டு மூன்று வாரம் மொத்தமாகக் காய்த்து ஓய்வன. கோடையிலிருந்து ஒக்டோபர் வரை விட்டு விட்டுக் காய்ப்பன. அல்பைன் என்ற குட்டிப்பழ வகை.

கோடை வகையில் முன்கூட்டி வருவது கரிகெட். பிரான்சின் அரச வேளாண் ஆய்வு நிறுவனம் 1970களில் கொடுத்தது. நீளமான, கொஞ்சம் செம்மஞ்சள் கலந்த சிவப்புப் பழம். இனிப்போடு நல்ல புளிப்பும் வாசமும். விளைச்சல் குறைவு, அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புளிப்பு பிடிக்காத பிள்ளைகள் இருந்தால் மோலிங் சென்டெனரி நல்ல தெரிவு. கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் மோலிங் ஆய்வு நிலையம் 1913இல் தொடங்கியது. அதன் நூற்றாண்டுக்கு வந்த இனம் இது. அண்மைய வருடங்களில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் கிறீமோடு கொடுக்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான். பழம் ஒரே சீராக, இனிப்பாக வரும். முதன்முதலாக நடுபவர்களுக்கும் ஏற்றது.

நடுப்பகுதியில் வருவது கேம்பிரிட்ஜ் ஃபேவரிட். பழைய, நம்பிக்கையான இனம். அதிரடிச் சுவை இல்லை, ஆனால் கவனிப்புக் குறைந்தாலும் கைவிடாது. ஜாம் காய்ச்சவும் நல்லது. சுவைக்காகவே பெயர் எடுத்த பழைய இனம் ராயல் சொவரின். பெட்ஃபர்டில் தோமஸ் லக்ஸ்டன் என்பவரின் நாற்றுப்பண்ணை 1892இல் வெளியிட்டது. பழைய ஆட்கள் இன்றைக்கும் இதைத்தான் ஸ்ட்ரோபெரி என்பார்கள். ஆனால் நோய் இலகுவில் பிடிக்கும், காய்ப்பும் குறைவு. வைப்பதென்றால் நோயில்லாச் சான்று உள்ள செடியை, ஸ்ட்ரோபெரியையே தொழிலாகச் செய்யும் நாற்றுப்பண்ணையிடம் வாங்குங்கள். நாலு செடி போதும்.

ஆகப் பிந்தி வருவது மல்வினா, ஜேர்மன் இனம். மற்றவை முடியும்போது, ஜூலையில், கரும்சிவப்பில் பழுக்கும். நல்ல வாசம். பிந்திப் பூப்பதால் மே மாதக் கடைசிப் பனியிலிருந்தும் தப்பிவிடும்.

விட்டு விட்டுக் காய்ப்பனவற்றில் என் மனதுக்குப் பிடித்தது மாரா தே புவா. ஜாக் மரியோனே என்ற பிரெஞ்சு நாற்றுப்பண்ணையாளர் 1991இல் வெளியிட்டது. காட்டு ஸ்ட்ரோபெரியின் வாசத்தைத் தோட்டப் பழத்துக்குள் கொண்டுவந்ததாக இதைச் சொல்வார்கள். பழம் சின்னது, மென்மையானது. பிடுங்கிக் கையில் வைத்தாலே அறை மணக்கும். ஒரே நேரத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கிடைக்காது. ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும், செப்டெம்பரிலும் தினம் இரண்டு மூன்று பழம் கிடைக்கும். பூச்சாடிக்கும் தொங்கு கூடைக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

வடக்குப் பார்த்த வளவு, பக்கத்து வீட்டு வேலி நிழல் என்று கவலைப்படுகிறவர்களுக்கு அல்பைன். இது கலப்பினம் இல்லை, ஐரோப்பாக் காட்டுப் பழத்தின் உறவு. சுண்டுவிரல் நுனி அளவுதான். அரை நிழலிலும் காய்க்கும், விதையிலிருந்தே வளர்க்கலாம், கொடி ஓடி இடம் பிடிக்காது. வயிறு நிறையாது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இலைக்குக் கீழே தேடிப் பிடிக்கிற விளையாட்டு. நன்றாகக் கனிந்தால்தான் வாசம் வரும். அதற்கு முன் பிடுங்கினால் வைக்கோல் மாதிரி இருக்கும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு என் யோசனை: மோலிங் சென்டெனரி ஆறு, மாரா தே புவா ஆறு, ஒரு சாடியில் அல்பைன். நன்றாகக் கவனித்தால் தோட்ட இனச் செடி ஒன்று ஒரு பருவத்தில் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை தரும். பால்கனி மட்டும் உள்ளவர்கள் மாரா தே புவாவை மட்டும் வைத்தாலே போதும். எப்படியும் ஒரே இனத்தைப் பன்னிரண்டு வைக்காதீர்கள். இரண்டை ஒப்பிட்டுச் சாப்பிட்டால்தான் பிள்ளைக்கு வித்தியாசம் பிடிபடும்.

இப்போதே செய்யவேண்டியது

ஓகஸ்ட் கடைசி என்றால் ஸ்ட்ரோபெரிக் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நடுபவருக்கு இதுதான் தொடக்கம். தாய்ச்செடியிலிருந்து ஓடும் கொடியில் வேர்விட்ட குட்டிச்செடியை இங்கே ரன்னர் என்பார்கள். அதை செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் நட்டால் பனிக்கு முன் வேர் பிடித்து, அடுத்த ஜூனில் ஒழுங்காகக் காய்க்கும். வசந்தத்தில் நட்டால் முதல் வருடக் காய்ப்புக் குறைவு.

நடும்போது முக்கியமானது ஆழம். இலையும் வேரும் சந்திக்கிற தடித்த குருத்து மண் மட்டத்தில் இருக்கவேண்டும். புதைந்தால் அழுகும், மேலே நின்றால் காயும். நிலத்தில் செடிக்குச் செடி 35 முதல் 45 சென்ரிமீற்றர் விடுங்கள். 30 சென்ரிமீற்றர் அகலச் சாடிக்கு மூன்று செடி போதும். ஹரோ, வெம்ப்ளி பக்கத்துக் களிமண்ணில் மழைக்காலம் தண்ணீர் தேங்கும். அங்கே உயர்த்திய பாத்தி அல்லது சாடிதான் நல்லது.

எங்கட வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. போன வருடம் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு நின்ற மண்ணில் ஸ்ட்ரோபெரியை நடாதீர்கள். வெர்ட்டிசிலியம் என்ற வாடல் நோய் அவற்றுக்கும் இதற்கும் பொது. அந்தப் பூஞ்சை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். நாங்கள் கோடை முழுக்கக் கத்தரியும் தக்காளியும் வைக்கிற சாதி. அதனால் வெயில் படுகிற ஒரேயொரு பாத்தி அவற்றுக்குப் போய்விட்டதென்றால், ஸ்ட்ரோபெரிக்குப் புதுக் கொம்போஸ்ட் போட்ட சாடிதான் வழி.

பூ வந்த பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை தக்காளிப் பசளை ஊற்றலாம். அதற்கு முன் உரம் கூடினால் இலைதான் செழிக்கும். தண்ணீர் காலையில், செடியின் அடியில் மட்டும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஸ்ட்ரோபெரிக்குக் கொஞ்சம் புளித்த மண்தான் விருப்பம். மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய் இருந்தால் சாடிகளுக்கு அதையே ஊற்றுங்கள். மே மாத இரவில் பனி விழுமென்றால் பூவை ஃப்ளீஸ் துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். தேனீ வராவிட்டால் பழம் ஒருபக்கம் சூம்பிப் போகும். நடுவே கறுத்த பூ பனியில் செத்த பூ, அது காய்க்காது. காய் பிடித்ததும் அடியில் வைக்கோல், மேலே வலை. அணில், குருவி, நத்தை மூன்றும் உங்களைவிட முன்னதாகவே பழத்தின் பதம் அறிந்தவை.

கோடை வகை காய்த்து முடிந்ததும் பழைய இலையை வெட்டிவிடுங்கள். மூன்று நாலு வருடத்தில் செடி களைத்துவிடும். அப்போது புதுச் செடி, புது மண்.

பிடுங்குகிற நேரம்

இவ்வளவு செய்தும், அவசரப்பட்டுப் பிடுங்கினால் எல்லாம் வீண். காம்படியில் வெள்ளை இருந்தால் விடுங்கள், இன்னும் ஒரு நாள். முழுக்கச் சிவந்து, பளபளப்போடு, கிட்டப் போனால் மணக்கவேண்டும். பண்ணைக்காரர் பழம் கெடாமல் போகட்டும் என்று குளிர்ந்த காலையில் பிடுங்குவார். நீங்கள் மத்தியான வெயிலில் பிடுங்குங்கள், சுவை அப்போதுதான் உச்சம். கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிற வேலையே வேண்டாம். அந்த இடத்திலேயே சாப்பிடுங்கள்.

தெரிவு செய்யுமுன் சுவைத்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். கடைப்பெட்டி லேபிளில் சின்ன எழுத்தில் பலவேளை இனத்தின் பெயர் இருக்கும். பிள்ளையை வாசிக்கச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதிப் புள்ளி போடவையுங்கள். வருகிற கோடையில் நாங்களே பிடுங்கக்கூடிய பண்ணை ஒன்றுக்குப் போனால், அங்கே நிற்பவரிடம் "இது எந்த இனம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக் கொப்பி இப்போது இரண்டாம் கோடையை முடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் சத்திரசிகிச்சை செய்தது, குனிய ஏலாது. அதனால் மாரா தே புவா மட்டும் மேசை உயரத்தில் வைத்திருக்கிறோம். மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'காய், பழம்' என்ற இரண்டு சொல்தான் தெரியும். அம்மம்மாவுக்கு அந்த இரண்டு சொல் போதாது. பிஞ்சு, காய், செங்காய், பழம், அளிஞ்ச பழம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தா. கொப்பியில் புள்ளிக்குப் பக்கத்தில் மகள் தன் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "புளி கூட", "வாசம் நல்லா இருக்கு", "தண்ணி". முதல் வருடப் பெரிய பழத்துக்கு முன்னால் இருப்பது அந்தக் கடைசிச் சொல். மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு உண்மை சொன்னாள்.

போன மாதம் ஒரு நாள் வெளியே நின்று கத்தினாள், "அம்மம்மா, ஒண்டு பிடுங்கட்டா?"

அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "செங்காயோ பழமோ?" என்று கேட்டா.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "செங்காய்," என்றாள். பிடுங்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

ரன்னர் ஓர்டர் பண்ண இந்த வாரமே பாருங்கள். சுவைக்குப் பெயர்போன இனங்கள் நாற்றுப்பண்ணைகளில் முதலில் முடிந்துவிடும். வாங்குகிற செடியின் பெயரை ஒரு குச்சியில் எழுதிச் சாடியில் குத்தி வையுங்கள். பனிக்காலம் போனால் எது எதுவென்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்த மாதம்: இலையுதிர் காலத்தில் உள்ளி நடுவது எப்படி?